வயிறு வைத்த கித்தார்

எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழு ஒருமுறை கோலா தெர்லாக் குழுவிடம் ஏழு கோல் வாங்கித் தோற்றது. கோல் காவலராக நின்றவர் நான் சொல்லவந்த மனிதர்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு லோரியில் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பிப் போய் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை அடிமேல் அடி வைத்து அளந்தார். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் அளந்தார். பிறகு லோரியடிக்கு வந்து, "பாத்தீங்களா, ஒரு அடி அகலம் கூட. இதுல எவன் நின்னாலும் ஏழு போகும் லா" என்றார். கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. எதிர்ப்பக்கமும் அதே அகலம்தானே, அதில் நாம் ஏன் ஒன்றுகூடப் போடவில்லை என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை.

பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் பதினான்கு வருஷம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தேன். மலையிலிருந்து வரும் கொழுந்தை நிறுத்து வாங்குவது என் வேலை. அவர் தொழிற்சாலையின் உள்ளே, தூள் சலிக்கும் இயந்திரத்தில் இருந்தார். ஒல்லியான உயரம், காதை மூடிய கம்பளித் தொப்பி, செருப்புக்குள் காலுறை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைக் கிராணி என்பார், அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

எந்தக் காரியம் கெட்டாலும் தவறு அவர் மேல் இருக்காது, கையில் இருந்த சாமான் மேல்தான் இருக்கும். கேரம் ஆடித் தோற்றால் பவுடர் நனைந்துபோயிருக்கும். கார் லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்றார். முதல் முறை கண்ணாடி, அடுத்த முறை கிளட்ச், மூன்றாவது முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் எடை. இரவில் குறட்டை விடுகிறார் என்று அவர் மனைவி புகார் சொன்னபோது தலையணையை மாற்றினார். அண்ணி ஒருநாள் என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"மூணு தலகாணி மாத்திட்டாரு தம்பி. மூணும் குறட்ட விடுது."

இந்தக் குணத்தால் தோட்டத்துக்கு லாபமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். சாமானில் குற்றம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய சல்லடையில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தால்கூட, வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவர், "நிப்பாட்டுங்க, சத்தம் சரியில்ல" என்று ஓடிவருவார். நிறுத்திப் பார்த்தால் கம்பி அறுந்திருக்கும். அப்படி ஒரு காது. மேனேஜர் துரையே அவரிடம் தன் காரைக் காட்டி, சத்தத்தைக் கேட்டுச் சொல்லச் சொல்வார்.

அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் அவர் எங்கள் இசைக்குழுவில் கித்தார் வாசித்தார்.

இசைக்குழு என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நான் கீபோர்டு. டிரம் பேடு அடித்தவன் வங்காளதேசத்துக்காரன், உலர்த்தும் அடுப்பில் வேலை. தமிழ்ப் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. பாடுவதற்கு மட்டும் யார் கிடைக்கிறார்களோ அவர்கள். கல்யாணம், சடங்கு, வருஷத்துக்கு ஒரு முறை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசிச் சாயங்காலம், இவைதாம் எங்கள் மேடைகள்.

திருவிழாவில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். வரிகளை முன்பு இங்கே இருந்த ஒரு ஆசிரியர் எழுதிக் கொடுத்தார், மெட்டை நாங்களே போட்டோம். அதன் நடுவில் எல்லாம் ஓய்ந்து கித்தார் மட்டும் தனியாகப் போகும் ஒரு இடம் உண்டு. முப்பது வினாடி இருக்கும். அந்த இடத்தை உண்டாக்கியவர் அவர். சலிக்கும் இயந்திரத்தின் ஆட்டத்துக்குத் தாளம் போட்டபடி வாயால் முனகி முனகி அதைச் செய்தார். கீழே கிடந்து மெல்ல எழுந்து, மூன்றாவது அடியில் படபடவென்று மேலே ஏறி, அங்கிருந்து சறுக்கி இறங்கும். முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை.

"இந்தப் பலகைல வராது கிராணி" என்பார். அவரிடம் இருந்தது ஈப்போவில் இரண்டாம் கையாக வாங்கிய மின் கித்தார், தட்டையான கெட்டி மரம். அதைப் பலகை என்றுதான் சொல்வார். "பலகைக்கு ஏது குரல்? கித்தாருக்கு வயிறு வேணும் லா. சத்தம் உள்ள போயி, ஒரு சுத்து சுத்தி, சூடாயி வெளிய வரணும். அந்த மாதிரி ஒன்னு வரட்டும், அப்புறம் பாருங்க."

கைபேசியில் படம் காட்டுவார். தேன் நிறம், உப்பிய உடல், இரண்டு பக்கமும் வளைந்து நெளிந்த துளைகள். உள்ளே கூடாக இருக்கும் மின் கித்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தத் துளைக்குள் எட்டிப் பார்ப்பார். ஆனால் அந்த வகையில் நல்லது ஒன்று வாங்க அவர் தன் மோட்டார் சைக்கிளை மூன்று தடவை விற்க வேண்டும். ஆகவே வருஷா வருஷம் அந்த முப்பது வினாடியை நான் கீபோர்டில் வாசித்தேன். சனங்கள் கைதட்டினார்கள். நாளடைவில் அதற்குக் கிராணி இடம் என்றே பேர் வந்துவிட்டது. அது என்னுடையதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் மறுத்துச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மலிவான வயிற்றுக் கித்தார் ஒன்று சந்தைக்கு வந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் விலை. அவர் ஆறு மாதம் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரம் எந்த மரமோ, மலிவு என்றால் எங்கோ கோளாறு இருக்கும், இன்னும் விலை இறங்கட்டும் என்று நாளுக்கொரு பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி பொறுக்கமாட்டாமல் கைபேசியைப் பிடுங்கி, வாங்கு என்ற பொத்தானை அழுத்திவிட்டார்.

"வாங்கியாச்சு. இந்தத் திருவிழாவுக்கு நீங்கதான் அந்த எடத்த வாசிக்கிறீங்க. அதுக்கப்புறம் என்ன சாக்கு சொல்றீங்கன்னு நானும் பாக்குறேன்."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். பயம்தான் வந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பதினான்கு வருஷமாக, 'வயிறு வைத்த கித்தார் இருந்தால் நானும் பெரிய வாசிப்பாளன்' என்று அவர் ஊரை நம்பவைத்திருந்தார், தானும் நம்பியிருந்தார். அது இல்லாதவரைக்கும்தான் அந்த நம்பிக்கைக்கு ஆயுள்.

தோட்டத்து வீடுகளுக்குப் பார்சல் வராது. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயின் முகவரியைக் கொடுத்திருந்தோம். நாங்கள் போனபோது பெட்டி அங்கே குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நாலு நாளா நிக்குது தம்பி. வர்றவன் எல்லாம் இது என்ன, யாருக்குன்னு கேக்குறான். ரொட்டி போடுறதா, பதில் சொல்றதா?" என்றார் பாய்.

கடையிலேயே பிரிக்க வேண்டும் என்றார் நம்மவர். உடைந்திருந்தால் சாட்சி வேண்டுமாம். மேசையைத் துடைத்து, கித்தாரைப் படுக்கவைத்து, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து தலை முதல் கால்வரை பார்த்தார். அடிபட்ட இடமோ கீறலோ கிடைக்கவே இல்லை. "ஒன்னுமே ஆகல லா" என்று அவர் சொன்ன குரலில் பெரிய ஏமாற்றம் இருந்தது.

பாய் தன் கைபேசி விளக்கைத் துளைக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு எங்களைக் கவலையோடு பார்த்தார்.

"தம்பி, உள்ள ஒன்னுமே இல்ல. காலி. உடனே திருப்பி அனுப்பு, நல்லா ஏமாத்திட்டானுங்க."

"அந்தக் காலிக்குத்தான் பாய் காசு" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாக்குகள் ஆரம்பமாயின. புதுச் சாமான், முதலில் ஒரு வாரம் இந்த ஊர்க் குளிருக்குப் பழகட்டும் என்றார். பழகியது. தந்தி புதுசு, இழுத்துக்கொண்டு அடங்கட்டும் என்றார். அடங்கியது. கோயில் மண்டபத்தில் ஒத்திகைக்குக் கொண்டுவந்து ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகினார். விரலை வைக்கும் முன்பே கித்தார் ஊளையிட்டது. கூடான உடல் என்பதால் பெட்டியின் சத்தத்தைத் தானே வாங்கித் தானே திருப்பிக் கத்துகிறது. டிரம் பேடுக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அவர் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களா கிராணி? நான்தான் சொன்னேனே, மலிவுன்னா கோளாறு இருக்கும்னு. இத வச்சிக்கிட்டு எப்படி மேடைல..."

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தையும் அவர் நிம்மதியாகக் கழித்திருப்பார், தன் கையாலேயே அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

எங்கள் மலையில் ஈரம் எதையும் விடாது. தீக்குச்சி பற்றாது, அலமாரிக் கதவு மூடாது. வயிறு வைத்த கித்தாருக்குள் ஈரம் புகுந்தால் மரம் ஊதிவிடுமே என்று அவருக்குக் கவலை. தேயிலைத் தொழிற்சாலைக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். அதனால்தான் மூட்டை அறைக்குள் ஈரத்துணியோடுகூட யாரையும் விடமாட்டோம். சலிக்கும்போது பறந்து போய் இயந்திரத்தின் மேல் படியும் மெல்லிய தூளை, விற்பனைக்கு ஆகாததை, அவர் வழித்து எடுத்தார். அண்ணியின் பழைய சேலையைக் கிழித்துப் பை தைத்து, தூளை நிரப்பி, துளை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே திணித்தார். மொத்தம் எட்டுப் பை.

அடுத்த ஒத்திகையில் சொருகினார். கித்தார் ஊளையிடவில்லை. உள்ளே இருந்த காலியிடத்தைப் பைகள் அடைத்துவிட்டதால் கத்துவதற்கு அதற்கு மூச்சில்லை. நம்பாமல் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பெட்டியின் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார். அது மணி மணியாக ஒலித்தது, அவர் பதினான்கு வருஷம் சொன்ன மாதிரியே சத்தம் உள்ளே போய்ச் சூடாகி வெளியே வந்தது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். அவர் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அன்று அந்த இடத்தை வாசிக்கவில்லை. மேடையில் வாசிக்கிறேன் என்றார்.

திருவிழாக் கடைசி நாள். தேர் சுற்றி வந்து நிலைக்கு நின்றுவிட்டது. மணி ஆறு, பனி இறங்க ஆரம்பித்திருந்தது, வெளிச்சம் போகவில்லை. மூன்று தோட்டத்துச் சனம் கூடியிருந்தது. பாய்கூடக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், காலிக் கித்தார் எப்படிப் பாடுகிறது என்று பார்க்க. எங்கள் பாட்டு தொடங்கியது. அந்த இடம் நெருங்க நெருங்க அவர் நெற்றியில், அந்தக் குளிரில், வேர்வை. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக எடுத்தேன், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் அடி வந்தது, இரண்டாவது அடி வந்தது. தாளத்துக்கு உடம்பை ஆட்டி ஆட்டி வாசிப்பது அவர் வழக்கம். அந்த ஆட்டத்தில் உள்ளே ஒரு பையின் தையல் விட்டுப்போயிருக்க வேண்டும். இரண்டு துளையிலிருந்தும் குபுகுபுவென்று பழுப்பாக ஏதோ கிளம்பியது. மேடை விளக்கு வெளிச்சத்தில் அது அசல் புகை.

"ஐயோ, கித்தார் எரியுது!" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கத்தினார்.

எங்கள் கோயில் செயலாளர் எச்சரிக்கையான மனிதர். முந்தின வருஷம் வண்ண விளக்குச் சரம் ஒன்று கருகியதிலிருந்து பிளக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே இழுப்பில் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டார். மைக், கீபோர்டு, டிரம் பேடு, விளக்கு, எல்லாம் செத்தன.

கித்தார் மட்டும் சாகவில்லை. வயிறு இருந்ததல்லவா, மின்சாரம் இல்லாமலே சின்னதாக, தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் விரல்கள் நிற்கவில்லை. மூன்றாவது அடி, மேலே ஏறும் இடம். ஏறினார், விழுந்தார். மறுபடி முதலிலிருந்து பிடித்து வந்தார். அதே இடத்தில் மறுபடி விழுந்தார். மூடிமறைக்க வேறு எந்தச் சத்தமும் இல்லை. இருநூறு பேர் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் கேட்டார்கள். அதற்குள் துளையிலிருந்து வந்த தூள் மூக்கில் ஏறி டிரம் பேடுக்காரன் ஏழெட்டுத் தும்மல் போட்டான்.

எங்கள் சனம் நல்ல சனம். மனிதன் மேடையில் தவிப்பதைப் பார்த்து ஆளுக்கொரு சாக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

"கரண்டு போச்சு லா, அவர் என்ன பண்ணுவாரு!"

"தூளு கண்ணுல பட்டிருக்கும்."

"மலிவுச் சாமான், நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பாய்.

வாழ்நாளில் அவருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. மின்சாரம், தூள், செயலாளர், கித்தார், வங்காளதேசத்துத் தும்மல். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம், ஊர் தலையாட்டும். எதை எடுப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கித்தாரைக் குனிந்து பார்த்தார். தேன் நிறத்தின் மேல் படிந்திருந்த தூளைச் சட்டைக் கையால் மெதுவாகத் துடைத்தார்.

"கரண்டு மேல குத்தமில்ல" என்றார். மைக் இல்லை என்றாலும் எல்லோருக்கும் கேட்டது. "தூளு மேலயும் குத்தமில்ல. எனக்கு இந்த எடம் வராது. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்குமே வந்ததில்ல. இந்தக் கித்தார அவ்ளோ ஆசப்பட்டு வாங்கினேன். இது மேல பழி போட எனக்கு மனசு வரல லா."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அண்ணி பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இதற்காகவே காத்திருந்தவர், ஏதாவது சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்.

"அது வராட்டிப் போவுது. வர்றத வாசிங்க. நாங்க கும்மி அடிக்கிறோம்."

அவருக்கு நன்றாக வருவது, பல தந்தியைச் சேர்த்து மீட்டும் நாலு கட்டுதான். அந்த நாலையும் மாற்றி மாற்றி வாசித்தார். பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடித்துப் பாடினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கித்தாரிலிருந்து கொஞ்சம் தேயிலைத் தூள் வந்துகொண்டிருந்தது. செயலாளர் பிளக்கைத் திரும்பச் சொருக வெகுநேரம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதோடு கதை முடிந்தது என்றால் நான் நல்லவனாகத் தப்பித்திருப்பேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கித்தாரோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே இருந்த பைகளைக் கொட்டித் துடைத்திருந்தார்.

"கிராணி, அந்த ஏறுற எடத்த ரொம்ப மெதுவா, ஒவ்வொரு கட்டையா அழுத்திக் காட்டுங்க. வாயால பாடத் தெரியுது, விரலுக்கு வழி தெரியல. நான் இதுல தேடிப் புடிச்சிக்கிறேன்."

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் கைதட்டல் யாருக்கு என்ற நினைப்புத்தான் வந்தது. அந்த முப்பது வினாடிதான் அந்தத் தோட்டத்தில் என்னை வெறும் கிராணியாக இல்லாமல் ஆக்கியிருந்தது. வாய் தானாகவே பேசிற்று.

"கீபோர்டுல ரெண்டு கட்ட சரியா வேல செய்யல அண்ணே. நேத்து கரண்ட பிடுங்கினதுல என்னமோ ஆயிருச்சு. சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

அவர் கித்தாரை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டுக் கீபோர்டை இயக்கினார். இடது ஓரத்திலிருந்து ஒரு விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தார். வெள்ளை, கறுப்பு, வெள்ளை. தலையைச் சாய்த்து, சல்லடையைக் கேட்பது போலவே கேட்டார். அறுபத்தொரு கட்டையும் ஒலித்தன. கடைசிக் கட்டையின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பதினாலு வருஷம் அத நீங்கதான் காப்பாத்தி வச்சிருந்தீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இல்லன்னா அது என் வாயோடயே போயிருக்கும். இப்ப எனக்குக் குடுங்க கிராணி."

நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன். கீபோர்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முதல் கட்டையை அழுத்தினேன். அவர் தந்திமேல் விரலை வைத்துத் தேடினார். நான் அடுத்த கட்டைக்குப் போகாமல், அவர் கண்டுபிடிக்கும்வரை அதையே அழுத்திக்கொண்டிருந்தேன்.